பதினைந்து தோல்வியும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

சீமைக்குப் போய்த் தோற்றுவிட்டுத் திரும்புவதை நம்முடைய கிரிக்கெட்காரர்கள் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே வைத்துக்கொண்டிருந்தார்கள். 1932-ல் தொடங்கி 1967 வரையில் ஆறு தடவை போனார்கள். மொத்தம் 19 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடினார்கள். அவற்றில் 15 தோல்வி. மீதி 4 முடிவில்லாமல் போயின. ஜயம் என்று எழுதியிருந்த பத்தியில் ஒரே ஒரு சைபர் உட்கார்ந்திருந்தது. முப்பத்தைந்து வருஷமாக அந்த சைபரை யாராலும் அசைக்க முடியவில்லை.

இந்தக் கணக்கைப் பற்றி மிகவும் காரசாரமான விவாதம் நடந்த இடம் எது என்று என்னைக் கேட்டால், சேப்பாக்கத்து கிளப்பையோ பம்பாய் ஜிம்கானாவையோ நான் சொல்ல மாட்டேன். ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும்தான் சொல்வேன். வாசகர்கள் சிரிக்கலாம். ஒன்று பஞ்சாலைக்கும் மாம்பழத்துக்கும் வேட்டை நாய்க்கும் பெயர்போன ஊர். மற்றொன்று ஆண்டாளுக்கும் தேருக்கும் பால்கோவாவுக்கும் பெயர்போன ஊர். இவற்றுக்கும் லார்ட்ஸ் மைதானத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லை என்பதுதான் விசேஷம். மைதானத்தை ஒருநாளும் கண்ணால் காணாதவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது ஆட்டத்தைவிடப் பெரிய சங்கதிகள் பேச்சில் வந்துவிடுகின்றன.

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் ஏழு மைல் தூரம். அப்போது இரண்டுமே ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. விருதுநகர் ஜில்லா என்று ஒன்று 1985-ல்தான் பிறந்தது. கோர்ட்டும் தாலுகா கச்சேரியும் ஸ்ரீவில்லிபுத்தூரில். மில் சங்கு ராஜபாளையத்தில். ஆகவே இந்த ஊர்க்காரருக்கு அங்கே ஜோலி, அந்த ஊர்க்காரருக்கு இங்கே உத்தியோகம் என்று பஸ் போக்குவரத்து எப்போதும் உண்டு. அந்தப் பஸ்களில் ஏறி இறங்கியவர்களோடு கிரிக்கெட் விவாதமும் ஏறி இறங்கியது. 1971-ஆம் வருஷக் கோடையில் நான் பள்ளிக்கூட மாணவன். பெரியவர்கள் விவாதத்தில் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. கேட்க மட்டும் உண்டு. இரண்டு காதுகளையும் அதற்காகவே கொடுத்திருந்தேன்.

விவாதத்துக்குத் தலைவர்கள் இருவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கட்சிக்கு ஒரு கணக்கு வாத்தியார். ராஜபாளையம் கட்சிக்கு ஒரு மில் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலங்களில் ராஜபாளையம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் இருவரும் கூடுவார்கள். கடைக்கார அண்ணாச்சி நடுவர். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது என்பதால் அவரிடம் இரு கட்சிக்கும் நம்பிக்கை இருந்தது.

வாத்தியாரின் வாதம் சுருக்கமானது.

"பதினைந்தும் நாலும் பத்தொன்பது. இருபதாவதும் இருபத்தொன்றாவதும் இருபத்திரண்டாவதும் என்ன ஆகும் என்று சொல்ல ஜோசியன் வேண்டாமய்யா, வாய்ப்பாடு போதும்."

குமாஸ்தா விடமாட்டார். "சார், நீங்களே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். காசைச் சுண்டி பத்தொன்பது தடவை பூ விழுந்தால், இருபதாவது தடவை தலை விழக் கூடாது என்று சட்டமா?"

"அது காசுக்கு. காசுக்கு ஞாபகம் கிடையாது. மனுஷனுக்கு உண்டு. பத்தொன்பது தடவை அடிபட்டவன் இருபதாவது தடவை மட்டையைத் தூக்கும்போது அந்தப் பத்தொன்பதும் அவன் கையில் தொங்கும்."

அந்தப் பதிலை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். விவாதத்தின் சாரம் முழுவதும் அதிலேதான் இருந்தது. தோல்விக்கு ஞாபகம் உண்டா? உண்டென்றால் அது எதை ஞாபகம் வைத்திருக்கிறது?

சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்குமே சாட்சி கிடைக்கும். முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1932 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம். அணிக்குத் தலைவராகப் போனவர் போர்பந்தர் மகாராஜா. டெஸ்ட் ஆட்டம் என்று வந்ததும் அவர் விவேகத்தோடு ஒதுங்கிக்கொள்ள, சி. கே. நாயுடு தலைமை ஏற்றார். இங்கிலாந்துக்கு முதலில் ஆட வந்தவர்கள் ஸட்கிளிஃபும் ஹோம்ஸும். இவர்கள் பத்து நாள் முன்புதான் யார்க்‌ஷயருக்காக ஜோடியாக 555 ரன் குவித்து உலகத்தையே மூக்கில் விரல் வைக்கச் செய்தவர்கள். அந்த இருவருடைய ஸ்டம்புகளையும் முகமது நிஸார் பெயர்த்தெறிந்தார். ஒருவர் 3, மற்றவர் 6. பிறகு வந்த வூலி ரன் அவுட். 19 ரன்னுக்கு 3 விக்கெட்! ஆட்டம் ஆரம்பித்துச் சற்று நேரத்துக்குள் சாம்ராஜ்யத்தின் தலைநகரில் சாம்ராஜ்யம் தடுமாறியது. பின்னால் ஜார்டின் நின்று ஆடி இங்கிலாந்தைக் காப்பாற்றினார். நாம் 158 ரன்னில் தோற்றோம். ஆனால் அந்த முதல் காலை வேளையை யாராலும் அழிக்க முடியாது.

1936-ல் கதை வேறு. விஜயநகரம் மகாராஜகுமார் தலைமை தாங்கினார். ஆட்டத்தைவிட அந்தஸ்தே அங்கே பெரிதாக இருந்தது. லாலா அமர்நாத் ஒழுங்குக் குறைவு என்று சொல்லப்பட்டு, முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றி அனுப்பப்பட்டார். அந்த அலங்கோலத்தின் நடுவிலும் மான்செஸ்டரில் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்தார்கள். அதே ஆட்டத்தில் நம் சென்னைக்காரர் ஒருவர், புச்சி பாபு நாயுடுவின் புதல்வர் சி. ராமஸ்வாமி, தமது நாற்பதாவது வயதில் முதல் டெஸ்ட் ஆடி 40-ம் 60-ம் எடுத்தார். 1922-லேயே டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர் அவர். இரண்டே டெஸ்ட் ஆடினார். சராசரி 56-க்கு மேல்.

அதே கப்பலில் போன மற்றொரு சென்னைக்காரர் எம். ஜே. கோபாலன். அவருக்கு அந்த வருஷம் இரண்டு கதவு திறந்திருந்தது. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்ஸில் ஹாக்கி. மற்றொன்று சீமையில் கிரிக்கெட். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி கோஷ்டி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கோ அந்தப் பிரயாணத்தில் ஒரு டெஸ்டில்கூட ஆட இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கதையை வாத்தியார் அடிக்கடி சொல்வார். "ஜயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டுத் தோற்கிற ஆட்டத்துக்குப் போனான் பாரு, அவன்தானய்யா இந்தியாவின் கிரிக்கெட் ரசிகனுக்கே பிரதிநிதி!" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அந்தச் சிரிப்பில் கோபாலனிடத்தில் ஒரு மரியாதை இருந்ததை நான் கவனித்திருக்கிறேன்.

பிறகு சுதந்திரம் வந்தது. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் வினு மன்கட் பன்னிரண்டு விக்கெட் எடுக்க, இங்கிலாந்தை ஒரு இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் தோற்கடித்தோம். இந்தியாவின் முதல் டெஸ்ட் ஜயம் நம் சென்னைப் பட்டணத்தில்தான் பிறந்தது. அந்த மகிழ்ச்சியோடு கோடையில் சீமைக்குப் போனால், லீட்ஸில் இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்கும் முன் 4 விக்கெட் விழுந்துவிட்டது. ஃப்ரெட் ட்ரூமன் என்ற புதுப் பையன் மூன்றை எடுத்தான். பெட்ஸர் ஒன்றை எடுத்தார். சைபருக்கு நாலு! மான்செஸ்டரில் ஒரே நாளில் 58-க்கும் 82-க்குமாக இரண்டு தடவை சுருண்டோம். 1959-ல் ஐந்து டெஸ்ட், ஐந்திலும் தோல்வி.

"இதைத்தான் ஞாபகம் என்கிறேன்" என்பார் வாத்தியார்.

"அப்படியானால் முழுவதையும் ஞாபகம் வையுங்கள், சார்" என்பார் குமாஸ்தா. "1959-ல் லார்ட்ஸில் விலா எலும்பு முறிந்தபிறகும் கான்ட்ராக்டர் நின்று 81 எடுக்கவில்லையா? 1967-ல் லீட்ஸில் நடந்தது என்ன?"

1967-ல் நடந்தது இது. இங்கிலாந்து 550. நாம் 164. மீண்டும் ஆடச் சொன்னார்கள். ஒற்றைக் கண் பார்வையோடு ஆடிய பட்டோடி 148 எடுக்க, இந்தியா 510 ரன் குவித்தது. அப்புறமும் தோற்றோம் என்பது உண்மைதான். ஆனால் சைபருக்கு நாலு விக்கெட் விழுந்த அதே மைதானத்தில் 510 என்றால், ஞாபகத்துக்கு வேறொரு பக்கமும் உண்டு என்றுதானே அர்த்தம்?

அண்ணாச்சி இரண்டு பேருக்கும் டீ கொடுத்து விவாதத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைப்பார்.

1971-ல் விவாதத்தின் சூடு ஏறியதற்குக் காரணங்கள் இருந்தன. முதலாவது, தலைமை மாறிவிட்டது. பட்டோடியை நீக்கி அஜித் வாடேகரைத் தலைவராக்கினார்கள். தேர்வுக் கமிட்டியில் வோட்டுகள் சமமாக, தலைவர் விஜய் மெர்ச்சண்ட் தமது வோட்டைப் போட்டு வாடேகரைத் தேர்ந்தெடுத்தார் என்பது செய்தி. ராஜா போய் உத்தியோகஸ்தர் வந்தார் என்று குமாஸ்தாவுக்கு ஒரே குஷி. வாடேகர் பாங்கியில் வேலை பார்ப்பவர். "நம்மைப்போல் கணக்குப் புஸ்தகம் புரட்டுகிறவர் சார்!" என்பார். சமஸ்தானாதிபதிகளின் மானியத்தையும் பட்டத்தையும் ஒழிக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷம் அது. டிசம்பரில் ஒழித்தும் விட்டார்கள். ஆகவே கிரிக்கெட் தலைமையும் அந்தப் பெரிய விவகாரத்தின் ஒரு கிளையாகவே டீக்கடையில் பேசப்பட்டது. வாத்தியாருக்கு இது பிடிக்கவில்லை. பட்டோடி நவாப் என்பதால் தலைவர் ஆனவர் அல்ல, நல்ல தலைவர் என்பதால் தலைவர் ஆனவர் என்பது அவர் கட்சி. நவாப் என்பதற்காக ஒருவரை உயர்த்துவது தவறானால், அதற்காகவே அவரைத் தாழ்த்துவதும் தவறுதான் என்றார். அதற்குக் குமாஸ்தாவிடம் பதில் இல்லை.

இரண்டாவது காரணம், வாடேகரின் அணி அந்த வருஷ ஆரம்பத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஜயித்து, தொடரையும் 1-0 என்று கைப்பற்றியிருந்தது. கவாஸ்கர் என்ற இருபத்தொரு வயது இளைஞர் 774 ரன், சர்தேசாய் 642 ரன். ஆனால் இங்கிலாந்தோ அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆஷஸை ஜயித்துக்கொண்டு வந்திருந்தது. இல்லிங்வொர்த் தலைமையில் அவர்களை அசைக்க யாருமில்லை. தொடர்ந்து 26 டெஸ்ட் ஆட்டங்களில் இங்கிலாந்து தோற்றது கிடையாது என்ற நிலைக்கு அந்தக் கோடையில் வந்து சேர்ந்தார்கள்.

மூன்றாவது காரணம் நம் வீட்டுச் சண்டை. சுழல் பந்தில் வெங்கட்ராகவனா, பிரசன்னாவா? வெங்கட்ராகவன் சென்னைக்காரர், கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் படித்தவர், அணிக்கு உபதலைவர். பிரசன்னா மைசூர்க்காரர். இந்த விஷயத்தில் கட்சிகள் இடம் மாறிக்கொண்டன. ஆகாயத்தையே எதிர்பார்க்கும் குமாஸ்தா, பிரசன்னாதான் மேதை, அவரை வெளியே உட்கார வைப்பது பாவம் என்றார். நம்பிக்கையே இல்லாத வாத்தியார், வெங்கட் போதும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும்.

"எங்க ஊர்த் தேரைப் பார்த்திருக்கிறீரா? வடம் பிடித்து இழுக்க ஆயிரம் பேர் வருவான். ஆனால் தேர் முனை திரும்புவது யாரால்? சக்கரத்துக்குக் கீழே உட்கார்ந்து கட்டை கொடுக்கிறவனால். அவன் ஒரு அங்குலம் தப்பினால் தேரும் தப்பும், அவனும் தப்புவான். வெங்கட் கட்டை கொடுக்கிற ஆள். அந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது."

இதைக் கேட்டு அண்ணாச்சி முதல் தடவையாகத் தீர்ப்புச் சொன்னார்: "சார் சொன்னது எனக்குப் புரிஞ்சுது. மத்ததெல்லாம் புரியலே."

ஜூலை 22-ல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆரம்பமாயிற்று. பத்திரிகையின் முதல் பக்கத்தைக் கிழக்கு வங்காள அகதிகளின் துயரம் நிறைத்திருந்த நாட்கள் அவை. கிரிக்கெட் செய்தியைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும். அப்படிப் போகும்போது மனசில் கொஞ்சம் வெட்கமும் இருக்கும். இரவில் குமாஸ்தா வீட்டு மர்ஃபி ரேடியோவில் பி.பி.சி. சிற்றலையைப் பிடித்தால் பாதி நேரம் கடல் இரைச்சல், பாதி நேரம் இங்கிலீஷ். அந்த இரைச்சலின் நடுவே நமக்கு 9 ரன் முன்னிலை கிடைத்தது என்று தெரிந்தது. நாலாவது இன்னிங்ஸில் வேண்டியது 183. கவாஸ்கர் ஓடும்போது, உருவத்தில் பெரியவரான ஜான் ஸ்னோ தோளால் இடித்து அவரைக் கீழே தள்ளினார். அதற்குத் தண்டனையாக ஸ்னோவை இங்கிலாந்து அடுத்த டெஸ்டில் சேர்க்கவில்லை. 145 ரன்னுக்கு 8 விக்கெட் என்று ஆட்டம் தராசு முள்ளில் நின்றபோது மழை வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தது.

மழை நம்மைக் காப்பாற்றியதா, நம்மிடமிருந்து பறித்ததா? இரண்டு வாரம் இதுவே பேச்சு. அதற்குள் மான்செஸ்டரில் இரண்டாவது டெஸ்ட். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. 65 ரன்னுக்கு 3 விக்கெட் என்று நாம் தத்தளித்தபோது கடைசி நாள் முழுவதும் மழை. அந்த மழை நம் பக்கத்து மழைதான். "மழையையும் வரவு செலவில் எழுதணும், தம்பி" என்று வாத்தியார் குமாஸ்தாவிடம் சொன்னார். "லார்ட்ஸ் பற்று; மான்செஸ்டர் வரவு."

ஆகஸ்ட் 19-ல் ஓவல். முதல் நாள் இங்கிலாந்து 355. இரண்டாம் நாள் மழை. பிறகு நாம் 284, பாக்கி 71. எஞ்சினீயர், சர்தேசாய் இவர்களோடு, பின்வரிசையில் அபித் அலி 26-ம் வெங்கட்ராகவன் 24-ம் எடுத்திராவிட்டால் பாக்கி இன்னும் பெருகியிருக்கும்.

திங்கட்கிழமை, ஆகஸ்ட் 23. நம் ஊரில் விளக்கு வைத்த நேரம். இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸ். பந்து போடுகிறவர் சந்திரசேகர். குழந்தைப் பிராயத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு மெலிந்துபோன அந்த வலது கைதான் அவர் பந்து போடும் கை. மேற்கிந்தியத் தீவுகளுக்கு அவரை அழைத்துப் போகவில்லை. சீமைக்கு மட்டும் சேர்த்தார்கள். முதலில் லக்ஹர்ஸ்ட் அடித்த பந்து சந்திரசேகரின் கையில் பட்டு ஸ்டம்பில் மோத, எதிர் முனையில் வெளியே நின்ற ஜேம்ஸன் ரன் அவுட் ஆனார். பிறகு எட்ரிச். அவருக்குச் சந்திரசேகர் ஒரு அதிவேகப் பந்து போட்டார். மட்டை இறங்கும் முன் ஸ்டம்பு பறந்துவிட்டது. அந்தப் பந்துக்கு நம் ஆட்டக்காரர்கள் வைத்திருந்த செல்லப் பெயர் 'மில் ரீஃப்'. அந்த வருஷம் சீமையில் ஓடிய பிரசித்தி பெற்ற பந்தயக் குதிரையின் பெயர். அடுத்த பந்திலேயே ஃப்ளெட்சர், சோல்கர் கையில் காட்ச். பிறகு ஆலன் நாட். முதல் இன்னிங்ஸில் 90 எடுத்தவர், ஒவ்வொரு டெஸ்டிலும் நமக்கு எமனாக நின்றவர். வெங்கட்ராகவன் போட்ட பந்தை அவர் தடுத்தார். மட்டைக்கு அருகிலேயே நின்ற சோல்கர் முன்னால் பாய்ந்து, தரையோடு தரையாக விழுந்து பிடித்தார். இங்கிலாந்து 101-க்கு முடிந்தது. சந்திரசேகருக்கு 38 ரன் கொடுத்து 6 விக்கெட். வெங்கட்ராகவனுக்கு 2.

வேண்டியது 173. அன்று இரவு 76-க்கு 2 விக்கெட். மறுநாள் செவ்வாய்க்கிழமை, விநாயக சதுர்த்தி. ஓவல் மைதானத்துக்குச் சில ரசிகர்கள் ஒரு மிருகக் காட்சிச் சாலையிலிருந்து பெல்லா என்ற யானையை அழைத்துவந்து சுற்றிக் காட்டினார்கள். ஆரம்பமே அபசகுனம், வாடேகர் முந்தின நாள் எடுத்த 45-க்கு மேல் ஒரு ரன்கூடச் சேர்க்காமல் ரன் அவுட். அவர் உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாராம். சர்தேசாய் 40, விசுவநாத் 33. மூன்று ரன் பாக்கியிருக்கையில் விசுவநாத் அவுட். அபித் அலி வந்தார். லக்ஹர்ஸ்ட் போட்ட பந்தை எல்லைக்கு அடித்தார். 174-க்கு 6. அதை எடுக்க நம்மவர்களுக்கு 101 ஓவர் ஆயிற்று. ஓவருக்கு இரண்டு ரன்கூட இல்லை. வாடேகரைத் தட்டி எழுப்பி ஜயச் செய்தியைச் சொன்னவர் இங்கிலாந்தின் பழைய ஆட்டக்காரர் கென் பாரிங்டன்.

ராஜபாளையத்தில் அன்று கொழுக்கட்டை. குமாஸ்தா ஒரு பாத்திரம் நிறையக் கொழுக்கட்டையோடு கடைசிப் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். தூங்கப் போயிருந்த வாத்தியாரை எழுப்பினார். வாடேகரைப் பாரிங்டன் எழுப்பியதுபோல் என்று பின்னால் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். வாத்தியார் செய்தியைக் கேட்டார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை.

"இருபத்திரண்டு ஆட்டம். பதினைந்து தோல்வி, ஆறு டிரா, ஒரு ஜயம்" என்றார். பிறகு, "வெங்கட் மொத்தம் எத்தனை விக்கெட்?" என்று கேட்டார்.

அந்தத் தொடரில் வெங்கட்ராகவனுக்கு 13, சந்திரசேகருக்கு 13, பேடிக்கு 11. பிரசன்னா ஒரு டெஸ்டிலும் ஆடவில்லை.

இத்துடன் நிறுத்தினால் இது ஒரு ஜயபேரிகைக் கட்டுரையாக முடிந்துவிடும். ஆனால் சரித்திரம் ஜயபேரிகையோடு நிற்பதில்லை. 1974-ல் அதே வாடேகர் மீண்டும் சீமைக்குப் போனார். மூன்று டெஸ்ட்; மூன்றிலும் தோல்வி. லார்ட்ஸில் இங்கிலாந்து 629. நாம் இரண்டாவது இன்னிங்ஸில் 42-க்கு ஆல் அவுட். அதில் சோல்கர் மட்டும் ஆட்டமிழக்காமல் 18. பம்பாயில் வாடேகர் வீட்டின் மேல் கல் விழுந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவர்களுக்கு அதே பம்பாயில் ஊர்வலமும் மாலையும் பூமாரியும் நடந்திருந்தன. வாடேகர் அதன் பிறகு இந்தியாவுக்காக ஆடவில்லை.

டீக்கடையில் என்ன நடந்தது தெரியுமா? குமாஸ்தா தம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த வாடேகரின் படத்தை இறக்கிவிட்டார். பாங்கி உத்தியோகஸ்தர் என்று கொண்டாடியவரே, "பாங்கியில் உட்கார்ந்து பணம் எண்ண வேண்டியவனை மைதானத்துக்கு அனுப்பினால் இப்படித்தான்" என்று திட்டினார். அன்று வாடேகருக்காகப் பேசியவர் வாத்தியார், பட்டோடிக் கட்சிக்காரர்.

"நாற்பத்திரண்டு உமக்குப் பெரிய அவமானமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஐம்பத்தெட்டைப் பார்த்திருக்கிறேன், சைபருக்கு நாலைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கில் நாற்பத்திரண்டுக்கும் ஒரு வரிசை உண்டு. ஓவலுக்கும் ஒரு வரிசை உண்டு. ஒரு வரியைப் பார்த்து மாலை போடுகிறவன், அடுத்த வரியைப் பார்த்துக் கல்லைத்தான் எடுப்பான்."

நம்பிக்கை உள்ளவர்கள் கருணை உள்ளவர்கள் என்றும், அவநம்பிக்கைக்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்றும் பொதுவாக நினைக்கிறோம். இந்த விவாதத்தில் அது தலைகீழாக இருந்தது. அதிசயத்தை எதிர்பார்த்தவருக்கு, அதிசயம் நடக்காதபோது மனிதர்கள் மேல் கோபம் வந்தது. தோல்விகளை வருஷம் தவறாமல் எழுதிவைத்தவருக்கு, ஒவ்வொரு தோல்விக்குள்ளும் ஒரு நிஸாரும் ஒரு கான்ட்ராக்டரும் இருந்தது தெரிந்திருந்தது. ஆகவே அவர் யாரையும் தெய்வமாக்கவில்லை. யாரையும் கழுதையாக்கவும் இல்லை.

ஐந்து வருஷம் கழித்து இந்தப் பாடம் நம் வீட்டு வாசலுக்கே வந்தது. 1979-ல் சீமைக்குத் தலைவராகப் போனவர் வெங்கட்ராகவன். நான்கு டெஸ்டில் ஒன்றில் தோல்வி, மூன்று டிரா. கடைசி ஆட்டம் மீண்டும் ஓவல். 438 எடுத்தால் ஜயம் என்ற நிலையில் கவாஸ்கர் 221 எடுக்க, 429-க்கு 8 விக்கெட் என்று ஒன்பது ரன் தூரத்தில் ஆட்டம் நின்றது. அணி திரும்பி வரும் விமானத்திலேயே, தலைமை கவாஸ்கருக்குப் போய்விட்டது என்ற செய்தி ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கட்டை கொடுத்தவரைத் தேரிலிருந்து இறக்கிவிடக்கூட இல்லை; தேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீ போகலாம் என்றார்கள். அவர் பின்னாளில் நடுவராகி 73 டெஸ்டுகளில் தீர்ப்புச் சொன்னார். தமக்குக் கிடைக்காத நிதானத்தைப் பிறருக்குக் கொடுத்தார் என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

1986-ல் கபில்தேவ் தலைமையில் சீமையில் இரண்டு ஜயம், தொடரும் நம்முடையது. 2025 ஆகஸ்டில் அதே ஓவலில் 6 ரன் வித்தியாசத்தில் ஜயித்துத் தொடரைச் சமன் செய்தார்கள். இப்போது இந்திய அணி எங்கே போனாலும் ஏழைக் குடியானவனாகப் போவதில்லை, மிராசுதாராகவே போகிறது. ஆகவே தோற்றால் கல்லெறிவதற்கு இன்றைய ரசிகனுக்கு அதிகக் காரணம் இருப்பதாக அவன் நினைக்கிறான்.

அந்தக் கணக்கு வாத்தியார் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி. தோல்விக்குச் சிவப்பு மை கிடையாது, ஜயத்துக்குப் பச்சை மை கிடையாது. எல்லாம் ஒரே நீல மை. ஏன் சார் என்று நான் கேட்டேன். "ஆடினவன் எல்லாரும் ஒரே ஊர்க்காரன்தானேப்பா" என்றார்.